ஐந்து கள்ள ஓட்டின் விலை

1939இல் பாரமவுண்ட் ஸ்டுடியோ ஒரு முழுத் திரைக்கதையை 10 டாலருக்கு வாங்கியது. முதலில் 1 டாலர் என்றுதான் பேச்சு. சட்டச் சடங்குக்காக 9 டாலர் ஏறியது. சட்டத்தால் ஓர் எழுத்தாளனுக்கு வருமானம் கூடியதாக எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எழுதியவர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். பட்டினி கிடந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலிவுட்டில் கொழுத்த சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவர். ஆனால் தான் எழுதியதை இன்னொருத்தர் எடுத்துக் கெடுப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துபோனவர். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் எழுத்தாளர் என்றால் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. பந்தியில் உட்கார இடம் கிடையாது, சாம்பாரில் உப்பு கூடினால் மட்டும் பெயர் வெளியே வரும். 1933இலேயே எழுதி ஆறு வருஷம் மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கதையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய், “கதையைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள், டைரக்‌ஷனை என்னிடம் கொடுங்கள்” என்று நின்றார். ஸ்டுடியோவும் கணக்குப் பார்த்துவிட்டுச் சரி என்றது. 1940 ஆகஸ்டில் ‘தி கிரேட் மெகின்டி’ வெளிவந்தது.

படத்தில் ஒரு கள்ள ஓட்டின் விலை 2 டாலர். ஆக, அந்தத் திரைக்கதையின் மொத்த மதிப்பு ஐந்து கள்ள ஓட்டு. கதாநாயகன் ஒரே ராத்திரியில் 37 ஓட்டுப் போட்டு 74 டாலருக்குக் கணக்குக் கொடுக்கிறான். தன்னைப் படைத்தவனைவிட ஏழு மடங்குக்கு மேல் சம்பாதித்த கதாபாத்திரம் வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

அந்த 37 ஓட்டுக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஊர் பெயர் கிடையாது. ஏதோ ஓர் அமெரிக்கப் பெருநகரம். தேர்தல் நாள் ராத்திரி. கட்சிக்காரர்கள் கஞ்சித் தொட்டி திறந்திருக்கிறார்கள். பசியில் நிற்கும் வரிசையில் டான் மெகின்டி என்ற பரதேசி ஒருவன். தட்டு கைக்கு வந்ததும் கூடவே யோசனையும் வருகிறது: இந்தச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி, இந்தப் பூத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் 2 டாலர். அதற்குக் கட்சிக்காரர் சொல்லும் நியாயம் இருக்கிறதே, அதைக் கேட்டால் நமக்கே கண் கலங்கும். சில பேர் சோம்பேறித்தனத்தால் ஓட்டுப் போட வருவதில்லை. சில பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் செத்தும் போயிருக்கலாம். அதற்காக அவர்களுடைய ஆதரவு நம் மேயருக்குக் கிடைக்காமல் போவது தர்மமா?

இறந்தவர்களின் ஜனநாயக உரிமைக்காக இவ்வளவு உருகும் கட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை.

மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று போட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார்கள். மெகின்டி மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி 37 சீட்டை நீட்டுகிறான். கூட்டி வந்த ஆளுக்குத் தலை சுற்றுகிறது. அவன் பையில் அவ்வளவு பணம் இல்லை. பெரியவரிடமே போய் வாங்கிக்கொள் என்று அழைத்துப் போகிறான். அந்தப் பெரியவருக்குப் படம் முழுக்கப் பெயரே கிடையாது. வெறும் ‘பாஸ்’. ஏக்கிம் டமிரோஃப் என்ற நடிகர். பிறந்தது ஜார்ஜியா நாட்டு டிஃப்லிஸில், பேசும் ஆங்கிலத்தில் ரஷ்ய வாடை. அமெரிக்க ஜனநாயகத்தின் சாவி வெளியூர் உச்சரிப்புக்காரர் இடுப்பில் தொங்குவதே ஒரு தனி நகைச்சுவை. பாஸ் மெகின்டியை அறைகிறார். மெகின்டி திருப்பி அறைகிறான். பாஸுக்குப் பையனைப் பிடித்துப்போகிறது. அரசியலில் நேர்முகத் தேர்வு இவ்வளவு சுருக்கமாக முடிந்தது கிடையாது.

37 என்பது சினிமா மிகை என்று நினைத்தால், நீங்கள் நியூயார்க்கின் டாமனி ஹாலைக் கேள்விப்படாதவர். பெயரைக் கேட்டால் ஏதோ கல்யாண மண்டபம் போலத்தான் இருக்கும். நூறு வருஷத்துக்கு மேல் அந்த நகரத்தின் டெமாக்ரடிக் கட்சியைக் கையில் வைத்திருந்த அமைப்பு அது. அங்கே திரும்பத் திரும்ப ஓட்டுப் போடுவது ஒரு தொழில். ஆளுக்கு ‘ரிப்பீட்டர்’ என்று பட்டமே உண்டு. பவரி பகுதியை ஆண்ட ‘பிக் டிம்’ சலிவன் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்திருந்தார். தாடி மீசையோடு இருக்கிற ஆளாகப் பார்த்துப் பிடி. முழுத் தாடியோடு ஒரு ஓட்டு. நேரே சலூனுக்கு ஓட்டிக்கொண்டு போ. மோவாயை மட்டும் மழித்து, கிருதாவும் மீசையுமாக இரண்டாவது ஓட்டு. மறுபடி சலூன், கிருதா போய் மீசை மட்டும், மூன்றாவது. கடைசியில் மீசையும் போய் மொழுமொழு முகத்தோடு நாலாவது. அன்றைக்கு முடிதிருத்துபவருக்கு நல்ல வியாபாரம். நம்மூரில் விரலில் மை வைக்க ஆரம்பித்தபோது நாம் ஜனநாயகத்தைக் காப்பாற்றினோமோ இல்லையோ, பல பேருடைய மீசையைக் காப்பாற்றினோம்.

இதில் துக்கக் கதையும் ஒன்று உண்டு. 1849 அக்டோபர் 3ஆம் தேதி பால்டிமோரில் தேர்தல் நாள். வாக்குச்சாவடியாக இருந்த ஒரு சாராயக் கடையில், வேறு யாருடையதோ போன்ற அழுக்குச் சட்டையோடு, நினைவு தப்பிய நிலையில் ஓர் ஆள் கிடந்தார். பார்த்தால் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. நாலு நாளில் இறந்துபோனார். எப்படி அந்தக் கோலத்துக்கு ஆளானார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஆள் பிடித்து அடைத்துவைத்து, குடிக்கக் கொடுத்து, சட்டை மாற்றி மாற்றி ஓட்டுப் போட வைக்கும் கும்பலின் கையில் சிக்கியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. உண்மையாக இருந்தால், துப்பறியும் கதையைத் தொடங்கிவைத்தவரை முடித்துவைத்தது ஓர் எலெக்‌ஷன்.

படத்துக்கு வருவோம். மெகின்டி முதலில் மாமூல் வசூலிக்கிறான். தர மறுப்பவர்களிடம் கை பேசுகிறது. பிறகு கவுன்சிலர் ஆகிறான். கண் கூசும் கட்டம் போட்ட கோட்டு வருகிறது. இந்த இடத்தில்தான் ஸ்டர்ஜஸ் படத்தின் மிகச் சிறந்த குண்டைப் போடுகிறார். பதவியிலிருக்கும் மேயரின் ஊழல் நாறி, ஊர் கொந்தளிக்கிறது. சீர்திருத்தக் கட்சிதான் வரப்போகிறது என்று எல்லாரும் நம்புகிறார்கள். பாஸ் கொஞ்சமும் பதறவில்லை. ‘நம் கட்சிதான் போச்சே’ என்று மெகின்டி கேட்டால், சீர்திருத்தக் கட்சியும் தன்னுடையதுதான் என்கிறார். எல்லாக் கட்சியும் தன்னுடையதுதானாம். ஆட்சி மாறும்போதெல்லாம் தான் பட்டினி கிடக்க முடியுமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் ஆத்திரம் இல்லை, நக்கலும் இல்லை. பலசரக்குக் கடைக்காரர் ‘நாங்கள் அந்தக் கம்பெனி சோப்பும் வைத்திருக்கிறோம்’ என்று சொல்கிற மாதிரிச் சொல்கிறார்.

சீர்திருத்த வேட்பாளர் யார்? மெகின்டிதான். ஒரே ஒரு குறை, பிரம்மச்சாரி. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்ட காலம். குடும்பம் குட்டி இல்லாத ஆளுக்குத் தாய்க்குலம் ஓட்டுப் போடாது என்கிறார் பாஸ். மெகின்டிக்குக் கல்யாணம் என்றாலே வேப்பங்காய். அவனுடைய செக்ரட்டரி கேதரின், ‘பேருக்குத்தானே, நானே கட்டிக்கொள்கிறேன்’ என்கிறாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், கூட ஒரு நாய். ஓட்டுக்காகச் செய்த கல்யாணத்தில் ரெடிமேடாக ஒரு குடும்பமே வந்து இறங்குகிறது. போஸ்டருக்குக்கூடத் தனியாகப் படம் பிடிக்க வேண்டியதில்லை. மியூரியல் ஏஞ்சலஸ் இந்த வேடத்தை அவ்வளவு அமைதியாகச் செய்திருப்பார். சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும் படத்தில் சத்தம் போடாத ஒரே ஆள். கடைசியில் குடியைக் கெடுப்பதும் அவள்தான்.

மேயர் மெகின்டி ஊரை வளர்க்கிறார். அதாவது கட்டுகிறார். ஊருக்குத் தேவையா என்பது அப்புறம். கட்டினால்தான் கான்ட்ராக்ட், கான்ட்ராக்ட் இருந்தால்தான் கட்டிங். கேட்டால் ‘வேலைவாய்ப்பு’ என்று பதில்.

இதிலும் ஸ்டர்ஜஸ் கற்பனையை அதிகம் சிரமப்படுத்தவில்லை. டாமனியின் பிதாமகர் வில்லியம் ட்வீட் 1860களில் நியூயார்க்கில் ஒரு கோர்ட்டுக் கட்டடம் எழுப்பினார். சுவருக்குப் பூச்சு வேலை பார்த்தவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் என்று பில் போனது. கையெழுத்தும் ஆனது. அந்தக் கொத்தனார் கரண்டியில் சுண்ணாம்பு எடுத்தாரா, தங்கத்தைக் காய்ச்சி ஊற்றினாரா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. நீதி கேட்டு மக்கள் வரப்போகிற கட்டடத்தின் ஒவ்வொரு செங்கலும் திருட்டு.

ட்வீட்டுக்கு எமனாக வந்தது தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூனிஸ்ட். ட்வீட்டின் தொப்பையை வாராவாரம் வரைந்தார். தன் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்க்கத் தெரியுமே என்று ட்வீட் புலம்பியதாகக் கதை. கடைசியில் ஜெயில். 1875இல் ஜெயிலிலிருந்து வீட்டுக்குப் போய்வர அனுமதித்தபோது, வீட்டிலிருந்து அப்படியே நழுவி, கியூபா வழியாக ஸ்பெயினுக்குப் போய்விட்டார். ஸ்பெயின் போலீஸுக்கு ஆளை அடையாளம் காட்டியதும் நாஸ்டின் கார்ட்டூன்தான். அந்தப் படத்தில் ட்வீட் இரண்டு பையன்களைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஸ்பெயின்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இது பிள்ளை பிடிக்கிறவன் என்று முடிவு செய்து பிடித்துக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் சுருட்டிய மனிதர், தான் செய்யாத ஒரே குற்றத்துக்காக மாட்டினார். 1878இல் ஜெயிலிலேயே கண்ணை மூடினார்.

அவருக்குப் பிறகு வந்த டாமனிக்காரர்களில் ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்று ஒருவர். ஆபீஸ் என்று தனியாகக் கிடையாது. கோர்ட்டு வாசலில் ஷூ பாலிஷ் போடும் நாற்காலியில் உட்கார்ந்து அரசியல் பாடம் நடத்துவார். 1905இல் அது புத்தகமாகவே வந்தது. ஊழலில் இரண்டு ஜாதி உண்டு என்பது அவர் கண்டுபிடிப்பு: ஒன்று நேர்மையற்ற ஊழல், இன்னொன்று நேர்மையான ஊழல். பூங்கா எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, பக்கத்து நிலத்தை வாங்கிப் போட்டு, அரசுக்கே நல்ல விலைக்கு விற்றால் அது நேர்மையான வகை. ரிங் ரோடு வருவதற்கு முன்னாலேயே ரிங் ரோட்டோரம் மனை வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மெகின்டி கவர்னர் ஆகிறான். இங்கேதான் சனி பிடிக்கிறது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறார்கள், காற்றே புகாத குடியிருப்புகளில் ஜனங்கள் அடைந்து கிடக்கிறார்கள் என்று கேதரின் கொஞ்ச காலமாகவே காதில் ஓதிக்கொண்டிருந்தாள். பேருக்குக் கட்டிய தாலி நிஜமாகிவிட்டிருந்தது. அந்தப் பேச்சும் ஏறிவிட்டது. பதவியேற்ற கையோடு பாஸ் வந்து அடுத்த கான்ட்ராக்ட் லிஸ்டை விரிக்கிறார். ‘இனிமேல் திருட்டு இல்லை’ என்கிறான் மெகின்டி. பாஸுக்கு முதலில் அது ஜோக் என்றுதான் படுகிறது. ஜோக் இல்லை என்று தெரிந்ததும் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார். குறி தவறுகிறது. பாஸ் உள்ளே போகிறார். போகிற போக்கில் மெகின்டி மேயராக இருந்தபோது அடித்ததையெல்லாம் அவிழ்த்துவிடுகிறார். கவர்னரும் உள்ளே. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த செல்.

37 கள்ள ஓட்டுக்கு ஒரு நாள்கூட ஜெயில் இல்லை. மாமூலுக்கு இல்லை. தேவையற்ற கட்டடங்களுக்கு இல்லை. ஒரே ஒரு நாள் யோக்கியனாக இருந்ததற்குக் கம்பி.

இதுவாவது ஸ்டர்ஜஸின் கைச்சரக்கு என்று பார்த்தால், நியூயார்க் மாநிலம் 1913இலேயே இதை நிஜமாக நடத்திக் காட்டிவிட்டது. வில்லியம் சல்சர் டாமனி ஹாலின் சொந்தப் பிள்ளை. அவர்கள் தயவில் 1912 தேர்தலில் ஜெயித்து கவர்னரானார். ஆனதும் தலையில் கிரீடம் ஏறியது: கவர்னர் மாளிகைக்கு ‘மக்கள் இல்லம்’ என்று பெயர் வைத்தார். பெயரோடு நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். பெயர் வைப்பதற்கு என்ன செலவு? ஆனால் ரோடு போட்ட கணக்கைத் தோண்டச் சொன்னார். ரோட்டு இலாகாவுக்கு டாமனித் தலைவர் சார்லஸ் மர்ஃபி சொன்ன ஆளைப் போட மாட்டேன் என்றார். வேட்பாளரைக் கட்சிப் பெரியவர்கள் பின்கட்டில் பொறுக்காமல் வாக்காளரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மசோதா கொண்டுவந்தார். மர்ஃபி அதிகம் பேசாத மனிதர். பேசாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் சட்டமன்றம் சல்சர் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. என்ன குற்றம்? தேர்தல் செலவுக்கு வந்த நன்கொடையைக் கணக்கில் காட்டாமல் பங்கு மார்க்கெட்டில் போட்டுவிட்டாராம். வேடிக்கை என்னவென்றால் அது பெரும்பாலும் உண்மை! டாமனி ஹால் ஓர் ஆளைக் கணக்குக் காட்டவில்லை என்று குற்றம் சாட்டியதைக் கேட்டு நியூயார்க்கின் தெருநாய்கள்கூடச் சிரித்திருக்கும். அக்டோபர் 17ஆம் தேதி பதவி போனது. அந்த மாநில வரலாற்றில் இப்படித் தூக்கியெறியப்பட்ட ஒரே கவர்னர் அவர்தான். அடுத்த மாதமே நியூயார்க் கீழ்க்கிழக்குப் பகுதி மக்கள் அவரைச் சட்டமன்ற உறுப்பினராக ஜெயிக்க வைத்து, எந்த மன்றம் துரத்தியதோ அதே மன்றத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அதே தேர்தலில் டாமனியின் மேயர் வேட்பாளர் மண்ணைக் கவ்வினார். மர்ஃபி அசரவில்லை. சாகும்வரை, அதாவது 1924 வரை, தலைவராகவே இருந்தார்.

படம் வந்த சமயத்தில் ஜனங்களுக்கு இந்தப் பழைய கதையெல்லாம் தேவையே படவில்லை. சுடச்சுட இன்னொரு பாஸ் ஜெயிலுக்குப் போயிருந்தார். கன்சாஸ் சிட்டியின் டாம் பெண்டர்காஸ்ட். அவருக்குச் சொந்தமாக ஒரு கான்கிரீட் கம்பெனி. ஆகவே அந்த ஊருக்குக் கான்கிரீட் மேல் தீராத பசி. ஊருக்குள் ஓடிய பிரஷ் கிரீக் என்ற ஓடையின் அடிமட்டத்துக்கே கான்கிரீட் போட்டார்கள். மீனுக்கு எதற்கு சிமெண்டுத் தரை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற சூழ்நிலையும் இல்லை. 1934 மார்ச் உள்ளாட்சித் தேர்தல் அன்று மட்டும் அந்த ஊரில் 4 பேர் கொல்லப்பட்டார்கள். 1936 தேர்தலில் பேய்களெல்லாம் க்யூவில் நின்று ஓட்டுப் போட்டதில், 200க்கும் மேற்பட்டோர் கோர்ட்டில் தண்டனை பெற்றார்கள். பெண்டர்காஸ்டைக் கவிழ்த்தது ஓட்டும் இல்லை, கொலையும் இல்லை, வருமான வரி. 1939இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 மாதத் தண்டனையோடு லெவன்வொர்த் சிறைக்குப் போனார்.

அவர் கைதூக்கி விட்ட ஆட்களில் ஒரு முன்னாள் துணிக்கடைக்காரர் உண்டு. கடை நொடித்துப்போனவர், கை சுத்தம் என்று பெயர். 1934இல் பெண்டர்காஸ்ட் அவரை செனட்டராக்கினார். எல்லாரும் கூடையில் ஒரு நல்ல தக்காளியை மேலாக வைத்து விற்பார்களே, அந்த மாதிரி. பெயர் ஹாரி ட்ரூமன். 1945 ஜனவரியில் பெண்டர்காஸ்ட் இறந்தபோது, துணை ஜனாதிபதியாகப் பதவியேற்ற சூட்டோடு விமானத்தில் பறந்துபோய்த் துக்கம் விசாரித்தார் ட்ரூமன். பத்திரிகைகள் கிழித்தன. பழகிய மனுஷன் செத்திருக்கிறான், போகாமல் இருக்க முடியுமா என்ற தோரணையில் இருந்துவிட்டார். மூன்று மாதத்தில் ஜனாதிபதி. மெகின்டிக்குத் தெரியாத ஏதோ ஒரு வித்தை ட்ரூமனுக்குத் தெரிந்திருக்கிறது. ‘இனிமேல் திருட்டு இல்லை’ என்று முதல் நாளே போய் அறிவிக்கக் கூடாது என்பதாக இருக்கலாம்.

மெகின்டி இந்தக் கதை முழுவதையும் நமக்கு எங்கிருந்து சொல்கிறான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். தென்னமெரிக்கப் பக்கத்து ஏதோ ஒரு குட்டி நாட்டில், ஈ மொய்க்கும் மதுக்கடை ஒன்றில் கிளாஸ் துடைத்துக்கொண்டு சொல்கிறான். சிறைக் காவலர் உடுப்பில் வந்த பழைய கட்சிக்காரன் ஒருவன் பாஸையும் அவனையும் சேர்த்தே தப்பவைத்துவிட்டான். எதிரே உட்கார்ந்து கேட்பவன் ஒரு வங்கிக் குமாஸ்தா. ஆயுள் முழுக்க நாணயமாக இருந்துவிட்டு ஒரே ஒரு நிமிஷம் கை நீட்டியதால் ஊரைவிட்டு ஓடி வந்தவன். தற்கொலைக்கு முயன்று மெகின்டியால் காப்பாற்றப்பட்டவன். அயோக்கியனாக இருந்து ஒரு நிமிஷம் தடம் மாறியவனும், யோக்கியனாக இருந்து ஒரு நிமிஷம் தடம் மாறியவனும் ஒரே கவுண்டரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கடையின் முதலாளி யார் என்கிறீர்கள்? பாஸ்தான். கல்லாவில் கை வைத்தாயா என்று அவர் கத்த, மறுபடி கைகலப்பு. அவர்கள் இருவருக்கும் அரசியல் போனாலும் கல்லா போகவில்லை.

1941 பிப்ரவரியில் அசல் திரைக்கதைக்கென்று ஆஸ்கார் முதன்முறையாகக் கொடுத்தார்கள். போட்டியில் சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ இருந்தது. ஜெயித்தது 10 டாலர் கதை. ஸ்டர்ஜஸ் மேடையேறி, “ஸ்டர்ஜஸ் சந்தோஷத்தில் நிலைகுலைந்து போயிருக்கிறார், அவருக்குப் பதில் வாங்கிக்கொள்ள நான் வந்திருக்கிறேன்” என்கிற மாதிரி ஒரு ஜோக் அடித்தார். எழுத்தாளர் முகம் எப்படி இருக்கும் என்று அரங்கத்தில் பலருக்குத் தெரியாது. வேறு யாரோ வாங்குகிறார் என்று நினைத்து ஒப்புக்குக் கை தட்டினார்கள். இன்னொருத்தர் பெயரில் ஒருத்தர் வருவது பற்றித்தான் அந்தப் படமே. அவருடைய ஆள்மாறாட்டம் நன்றாகவே எடுபட்டது, ஜோக்தான் எடுபடவில்லை.

மெகின்டியின் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1944இல் ஸ்டர்ஜஸின் ‘தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்’ வந்தது. ஒரு சிற்றூரில் ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் ஆறு பிள்ளைகள் பிறக்கிற கதை. செய்தி கவர்னருக்குப் போகிறது. கவர்னர் நாற்காலியில் யார் என்றால், மெகின்டியாக நடித்த பிரையன் டொன்லேவி, அதாவது நம் மெகின்டியேதான். பக்கத்தில் பாஸ். ஜெயில், தலைமறைவு, மதுக்கடை எதைப் பற்றியும் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. மெகின்டி போனில் சட்டங்களை வளைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில் இனி கூட்டம் குவியும், எந்த இடத்தை இப்போதே வளைத்துப் போடலாம் என்று பாஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.